பொறியைத் தாமதப்படுத்தவும்: ஒரு மாடல் டி காருக்கு மின் பாதுகாப்புக் குறிப்பு எழுதிய அனுபவம்

அன்று காலை டிரைவர் தாளில் இருந்தபடியேதான் செய்தார். செய்ததும் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது.

கோயம்புத்தூரில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகப் பேணிவரும் ஃபோர்டு மாடல் டி கார் அது. 1920களின் நடுவில் கனடா தொழிற்சாலையிலிருந்து வலப்பக்க ஸ்டீயரிங்கோடு கப்பலேறி வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகள் பலவற்றுக்கு அன்று ஃபோர்டு கார்கள் கனடாவிலிருந்துதான் வந்தன. இப்போது ஆண்டுக்கு நான்கைந்து முறை வெளியே வரும். குடியரசு நாள், பழங்காலக் கார் அணிவகுப்பு, வீட்டுத் திருமணம் என்றால் துடைத்து எடுப்பார்கள். காரோடு இரண்டு பக்கத் தாள் ஒன்று இருக்கும். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து யாரோ தமிழாக்கித் தட்டச்சு செய்தது.

அன்று பேட்டரி இறங்கிப்போயிருந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றுவோம் என்று டிரைவர் முடிவு செய்தார். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால் தாளை எடுத்துப் படித்தார். ‘பொறியைத் தாமதப்படுத்தி, பின்னர் கைப்பிடியைச் சுழற்றவும்’ என்று இருந்தது. சாவியைத் திருப்பினார். காரின் முன்னால் வந்து குனிந்தார். மனத்துக்குள் பத்து எண்ணினார். பிறகு சுழற்றினார். தாமதப்படுத்தச் சொல்லியிருந்தது, அவர் தாமதித்தார்.

பம்புக்கும் மோட்டாருக்கும் விசைத்தறிக்கும் தமிழில் பயன்பாட்டுக் குறிப்பு எழுதுவது என் தொழில். ‘அந்தத் தாளைச் சரி செய்து கொடுங்கள்’ என்று காரின் உரிமையாளர் கேட்டபோது, ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதும் என்றே நினைத்துப் போனேன். நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாத வேலையின் பதிவு இது.

மணிக்கட்டை முறித்தது மின்சாரமே

எஞ்சினுக்குள் பெட்ரோல் கலவையைப் பற்றவைப்பது ஒரு மின்பொறி. இன்றைய காரில் அந்தப் பொறி எப்போது விழ வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. மாடல் டி-யில் அது டிரைவரின் கையில் இருக்கிறது. ஸ்டீயரிங் சக்கரத்துக்குக் கீழே இரண்டு நெம்புகோல்கள். ஒன்று எரிபொருளுக்கு, மற்றது பொறிக்கு. பொறி நெம்புகோலை முழுக்க மேலே தள்ளினால், பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகே பொறி விழும். கீழே இழுக்க இழுக்க அது முன்கூட்டி விழும். ஓடும் எஞ்சினுக்கு முன்கூட்டி விழும் பொறிதான் வலிமை தரும். கையால் சுற்றும் எஞ்சினுக்கோ அதைவிட மோசமானது வேறில்லை. பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு நடந்து, அதை வந்த வழியே திருப்பித் தள்ளும். ஹேண்டில் எதிர்த்திசையில் அடிக்கும்.

அப்படி முறியும் எலும்புக்கு ஒரு பெயரே உண்டு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இருக்கும் ஆர எலும்பின் நுனி முறிவதை எலும்பு மருத்துவர்கள் இன்றும் ‘ஷோஃபர் முறிவு’ என்கிறார்கள். கார்களைக் கையால் சுற்றிக்கொண்டிருந்த தலைமுறையின் டிரைவர்கள் மருத்துவ நூலில் விட்டுச்சென்ற பெயர் அது. 1912-ஆம் ஆண்டு மாடலாக வந்த காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டபோதுதான் இந்த முறிவுகளுக்கு முடிவு தொடங்கியது. ஆங்கிலத்தில் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்றார்கள், தானே கிளப்பிக்கொள்ளும் என்ற பொருளில். நம் மெக்கானிக்குகள் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று சொல்லும்போது அந்தக் காலத்துச் சொல்லைத்தான் இன்னமும் வழங்குகிறார்கள். மாடல் டி-க்கு மின் ஸ்டார்ட்டர் 1919-இல்தான் வந்தது. அப்போதும் ஹேண்டில் போகவில்லை. பேட்டரி இறங்கினால் அதுதான் கதி.

மருத்துவமனைப் படிவத்தில் ‘இயந்திர விபத்து’ என்று எழுதினார்கள். உரிமையாளரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் கையை அடித்த இரும்பை இயக்கியது தவறான நேரத்தில் விழுந்த ஒரு பொறி. முந்தைய ஓட்டத்தில் பாதி கீழே இறக்கிய பொறி நெம்புகோல் அப்படியே நின்றிருந்தது. டிரைவர் திருப்பிய சாவி பேட்டரிப் பக்கம் இருந்தது. இறங்கிய பேட்டரியால் ஸ்டார்ட்டரைச் சுற்ற முடியாது. பொறி போட அதனால் முடியும். இவை எல்லாமே மின் சம்பந்தப்பட்டவை. ஆனால் தாளில் ‘மின் பாதுகாப்பு’ என்ற தலைப்பு இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்தது. அதில் ‘ஈரக் கையால் தொடக்கூடாது’ என்ற வகை வாக்கியங்கள் மட்டுமே இருந்தன.

ஆறு வோல்ட்தானே

இரண்டாவது விபத்து நான் அங்கே போகத் தொடங்கிய பிறகு நடந்தது. சார்ஜ் செய்வதற்காக பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தார் மெக்கானிக்கின் உதவியாள். மாடல் டி-யில் பேட்டரி பின்னிருக்கைக்கு முன்னால், காலடிப் பலகைக்கு அடியில், காரின் அடிச்சட்டமான சேசிஸ் இரும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும். பையன் முதலில் பிளஸ் முனையில் ஸ்பேனரைப் போட்டார். ஸ்பேனரின் வால் சேசிஸில் முட்டியது. வெள்ளை வெளிச்சம், கருகிய வாசனை. ஸ்பேனர் கையிலிருந்து துள்ளியது. அதன் விளிம்பில் மிளகளவுக்கு இரும்பு உருகிப்போயிருந்ததைப் பிறகு பார்த்தோம். வலது மணிக்கட்டில் போட்டிருந்த வெள்ளிக் காப்பு அந்த வழியில் சிக்காதது அவர் அதிர்ஷ்டம்.

“ஆறு வோல்ட்தானே ஐயா, ஷாக் அடிக்காது என்று நினைத்தேன்” என்றார், மெக்கானிக்கிடம்.

“ஷாக் அடிக்காது தம்பி. சுட்டுவிடும்” என்றார் வயதில் பெரியவரான மெக்கானிக்.

எனக்குத் தேவையான வாக்கியத்தை அந்தப் பெரியவர் இரண்டே சொல்லில் கொடுத்துவிட்டார். பழைய கார்களில் இரண்டு வேறு மின்சாரங்கள் ஓடுகின்றன. தாள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்திருந்தது.

வோல்டேஜை உயர்த்தும் கம்பிச் சுருளான காயிலிலிருந்து, பொறி விழும் ஸ்பார்க் பிளக்குக்குப் போவது பல ஆயிரம் வோல்ட். மாடல் டி-யில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு மரப்பெட்டிக் காயில்கள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தகடு. பிளக்கின் தலை அன்று மூடப்படாமல் வெற்று உலோகமாகவே இருக்கும். ஓடும் எஞ்சினில் கை பட்டால் தூக்கிப்போடும். ஆனால் அந்த மின்னோட்டம் மிகச் சிறியது. நலமாக இருக்கும் ஒருவரை அது பெரும்பாலும் கொல்லாது. துள்ளிய கை சுழலும் விசிறியில் போய்ப் படுவதுதான் உண்மையான ஆபத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மட்டும் ஓடும் எஞ்சின் பக்கமே வரக்கூடாது.

பேட்டரியின் மின்சாரம் இதற்கு நேர் எதிர். ஆறு வோல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் நடுவில் ஒரு ஸ்பேனரை வைத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். 300 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 1,800 வாட். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட் என்று நினைத்துப் பார்த்தால், ஒரு ஒயரின் நீளத்தில் அந்தச் சூடு முழுவதும் இறங்குவது என்ன என்பது புரியும். மாடல் டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் ஃபியூஸே கிடையாது. ரப்பர் உறைமேல் பருத்தி நூல் பின்னிய அந்தக் காலத்து ஒயர், உள்ளே ரப்பர் உதிர்ந்து, சேசிஸில் உரசும் இடத்தில் செம்பு வெளியே தெரிந்தால், உருகுவதற்கு இருப்பது அந்த ஒயர்தான். பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கிறது? முன்னிருக்கைக்கு அடியில். டிரைவர் எழுந்து மெத்தையைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்சும் அதே இருக்கையின் முன்னால், தரையில்.

உறை கிழிந்த ஒயர் என்ற தொல்லை காரின் வயதேதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிச் சென்ற முதல் நெடும்பயணத்தில், தேய்ந்துபோன பற்றவைப்பு ஒயருக்குத் தம் காலுறைப் பட்டையைச் சுற்றி ஓட்டினார் என்று சொல்வார்கள். இந்தக் காரிலும் ஓரிடத்தில் சேலைக் கரையைக் கிழித்துச் சுற்றியிருந்தது. எந்தத் தலைமுறையின் கை வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

தாளின் கோளாறு எங்கே

ஃபோர்டு நிறுவனம் அந்தக் காலத்தில் காரோடு கொடுத்த உரிமையாளர் கையேட்டை நான் மதிக்கிறேன். கேள்வி பதில் வடிவில், பதிலுக்கு எண் போட்டு, எஞ்சினையே பார்த்திராத விவசாயியை மனத்தில் வைத்து எழுதியது. ஹேண்டிலை மேல்நோக்கி இழுக்கச் சொல்கிறது. கீழ்நோக்கி அழுத்தக் கூடாது என்கிறது. ஏன் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறது. காரணத்தைக் கட்டளைக்குப் பக்கத்திலேயே வைத்ததுதான் அதன் பலம். ஒன்றரைக் கோடி கார்கள் விற்ற ஒரு வண்டிக்கு அந்த எழுத்தும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தமிழாக்கியவர் இந்தக் காரணங்களைத்தான் முதலில் வெட்டியிருந்தார். இடம் போதவில்லை போலும். கட்டளைகள் மட்டும் எஞ்சின. அவற்றை ‘எரிபொருள்’, ‘குளிர்விப்பு’, ‘பற்றவைப்பு’, ‘மின் பாதுகாப்பு’ என்று பாடநூல் போலத் தலைப்பிட்டுப் பிரித்துவிட்டார். பொறி நெம்புகோல் ‘பற்றவைப்பு’ என்ற தலைப்பிலும், ஹேண்டில் ‘இயக்குதல்’ என்ற தலைப்பிலும் போய் உட்கார்ந்தன. காரின் முன்னால் குனிந்து நிற்பவனுக்குத் தலைப்பு எதற்கு? அவன் கை அடுத்து எங்கே போகப்போகிறது என்பதுதான் அவனுக்கு வேண்டும். வரிசையை நான் கையின் வழியில் மாற்றினேன். மற்ற திருத்தங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சொற்கள் தனி வேலை. ‘தாமதப்படுத்து’ என்ற சொல்லைப் போல இன்னும் சில தாளில் ஒளிந்திருந்தன.

‘புவியிணைப்பு ஒயரை முதலில் அகற்றவும்’ என்று ஒரு வரி. புவியிணைப்பு என்றால் என்ன என்று உதவியாளிடம் கேட்டேன். மண்ணுக்குள் போகும் ஒயர் என்றார். வீட்டில் அது சரி. குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுப்பார்கள். காருக்கு மண்ணோடு உறவே இல்லை, டயர்மேல் நிற்கிறது. காரில் எர்த் என்பது சேசிஸ் இரும்பு. அந்த வரியைப் பின்பற்ற அவருக்கு மனமிருந்தும் வழியில்லை. அகற்ற வேண்டிய ஒயர் எது என்றே அவருக்குத் தெரியவில்லை.

‘மின்சுற்று மூடிய நிலையில்’ என்று இன்னொரு வரி. மின்னியல் படித்தவருக்கு மூடிய சுற்று என்றால் மின்சாரம் ஓடுகிறது. தண்ணீர்க் குழாயை மூடிப் பழகிய எல்லோருக்கும் மூடினால் நின்றுவிட்டது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தச் சொல்லை வைக்கவே கூடாது என்பது என் கருத்து. பம்பு செட் குறிப்புகளிலும் இதை இன்னும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்குகிறது.

‘சிவப்பு ஒயர்’, ‘மஞ்சள் ஒயர்’ என்று நிறம் சொல்லியிருந்தது. நூல் பின்னல் நூறு ஆண்டு எண்ணெயில் ஊறி எல்லாம் ஒரே மண் நிறம். நிறம் சொன்ன வரிகளை எடுத்துவிட்டு, சிறு பித்தளைத் தகடுகளில் எண் அடித்து ஒயர்களில் கட்டினோம்.

இடம் வலம் என்பதையும் விட்டேன். இருக்கையில் இருப்பவரின் இடப்பக்கம் ஹேண்டில் அருகே காரைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம். ஒரே ஆள் இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடக்கும் வேலையில் இது குழப்பும். பொறி நெம்புகோலின் குமிழுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தோம். உரிமையாளருக்கு மனமில்லை, பழமை கெடும் என்றார். கழற்றி எடுக்கக்கூடிய ரப்பர் உறை ஒன்றைச் சிவப்பில் மாட்டியதும் ஒப்புக்கொண்டார்.

‘கவனமாக’ என்ற சொல் பழைய தாளில் ஏழு இடத்தில் வந்தது. ஏழு இடத்திலும் கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் தப்பிக்க உதவியிருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிக நேரம் எடுத்தது தமிழ் வாக்கியத்தின் இயல்பு. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அதோடு வருகிறது. ‘எஞ்சின் ஓடும்போது பிளக்கின் தலையைத் தொட...’ வரை படித்தவருக்குத் தொடச் சொல்கிறார்களா, தொடக்கூடாது என்கிறார்களா என்று தெரியாது. ‘தொடவும்’, ‘தொடவேண்டாம்’ என்ற இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே சாயல். படித்துக்கொண்டே வேலை செய்பவரின் கை வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை. அதனால் கூடிய மட்டும் மறுப்பு வாக்கியங்களை ஒழித்தேன். ‘எஞ்சின் நின்ற பிறகே பிளக்கைத் தொடுங்கள்’ என்றால், பாதியில் நிறுத்தியவரும் பாதுகாப்பான பாதியிலேயே நிற்கிறார். நிபந்தனை முன்னால் வருவது தமிழுக்கு இயல்பு. அந்த இயல்பே இங்கே காவலாயிற்று.

பேட்டரி கழற்றும் வரி தனியாகச் சொல்லத் தக்கது. ‘மைனஸை முதலில் கழற்று’ என்பது எல்லாப் பட்டறைகளிலும் மனப்பாடம். மாடல் டி-யில் மைனஸ்தான் சேசிஸோடு சேர்ந்திருக்கும் என்பதால் அங்கே அது சரியாக வரும். அதே கொட்டகையில் நிற்கும் 1930-ஆம் ஆண்டு மாடல் ஏ-யில் சேசிஸோடு சேர்ந்திருப்பது பிளஸ். அங்கே அந்த மனப்பாடம் உதவியாளை மறுபடியும் அதே வெளிச்சத்துக்கு இட்டுச்செல்லும். காரணத்தை வாக்கியத்துக்குள் வைத்தால் இரண்டு காருக்கும் ஒரே வரி போதும்: ‘சேசிஸ் இரும்போடு இணைந்த பட்டையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். அது கழன்றுவிட்டால் ஸ்பேனர் எங்கே முட்டினாலும் பொறி வராது.’

எழுதாமல் விட்டவை, எழுத வேண்டி வந்தவை

சில ஆபத்துகளுக்கு வாக்கியம் எழுதுவதே தவறு. ஒயர் உருகுவதைத் தடுக்க நான் என்ன எழுத முடியும்? ஒரு ஃபியூஸ் போடச் சொன்னேன். ஸ்டார்ட்டரின் தடித்த கேபிளுக்கு அது காவலாகாது, மற்ற ஒயர்களுக்கு ஆகும். பேட்டரியின் எர்த் பட்டையில் கையால் திருகும் துண்டிப்பு சுவிட்ச் ஒன்றும் வைத்தோம். இரண்டும் கண்ணில் படாத இடத்தில். எட்டு வரிகளை நீக்க முடிந்தது.

ஆனால் அந்தத் துண்டிப்பு சுவிட்ச் புதிதாக ஒரு ஆபத்தைக் கொண்டுவந்தது. மாடல் டி-யில் சாவிக்கு மூன்று நிலை. ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் மேக்னட்டோ, நடுவில் ஆஃப். மேக்னட்டோ என்பது எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் பூட்டிய 16 காந்தங்கள், எதிரே அசையாத 16 கம்பிச் சுருள்கள். எஞ்சின் சுற்றும்வரை அது தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும், பேட்டரியின் தயவு வேண்டாம். புகை வருகிறது என்று பதறி ஒருவர் துண்டிப்பு சுவிட்சைத் திருகினால், மேக்னட்டோவில் ஓடும் எஞ்சின் நிற்காது. டைனமோ தொடர்ந்து மின்சாரத்தைத் தள்ளும். அதை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாததால் வோல்டேஜ் ஏறி பல்புகள் போகும், டைனமோவும் எரியும். பேட்டரி இல்லாமல் எஞ்சினை ஓட்ட நேர்ந்தால் டைனமோவின் முனையை ஒரு ஒயரால் எஞ்சின் இரும்போடு இணைக்கச் சொல்லி அந்தக் காலத்துக் கையேடே எச்சரிக்கிறது.

இதை நான் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பேட்டரியையும் எடுத்துவிட்டு, கார் எந்த வகையிலும் கிளம்பாது என்ற நிலையில் ஒத்திகை வைத்தோம். கையில் கட்டுப் போட்டிருந்த டிரைவர், உதவியாள், கல்லூரியில் படிக்கும் வீட்டுப் பெண் ஆகிய மூவருக்கும், பழைய தாளுக்குப் பதிலாக நான் எழுதிய அட்டையைக் கொடுத்தேன். விளக்கம் சொல்லச் சொல்லவில்லை, கையால் செய்து காட்டச் சொன்னேன். வாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டும், கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. ‘ஓடிக்கொண்டிருக்கிறது, காலடியில் புகை’ என்றதும் மூவரின் கையும் புதிய சுவிட்சுக்குப் போயின. அதன் தலையில் இப்போது ஒரு தகடு இருக்கிறது: ‘முதலில் சாவி. பிறகு இது.’

இன்னொரு ஒத்திகையில் பெரியவர் சொன்ன ஒன்று என்னை உட்கார வைத்துவிட்டது. நன்றாக இருக்கும் மாடல் டி சூடாக நின்றிருந்தால், சிலிண்டரில் பெட்ரோல் கலவை மிச்சமிருக்கும். சாவியை பேட்டரிப் பக்கம் திருப்பியதுமே, யாரும் சுற்றாமல், தானே கிளம்பிவிடும். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஒருவர் சாவியருகே, ஒருவர் ஹேண்டிலருகே என்று இரண்டு பேர் சேர்ந்து கிளப்பும்போது இது என்ன ஆகும்? அந்த இடத்துக்கு நான் எழுதியது ஒரு கேள்வியும் ஒரு பதிலும். சாவி பக்கம் இருப்பவர் “கை எடுத்தாயிற்றா?” என்று கேட்க வேண்டும். “எடுத்துவிட்டேன்” என்ற பதில் காதில் விழுந்த பிறகே திருப்ப வேண்டும். விழாவில் மேளச் சத்தம் இருந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும்.

பழைய கையேட்டில் இருக்கவே முடியாத ஒரு ஆபத்தும் கொட்டகையில் இருந்தது. பேட்டரி சார்ஜர் 230 வோல்ட்டில் ஓடுகிறது. இந்தக் காரைச் சுற்றி இருக்கும் எல்லா மின்சாரத்திலும் நலமாக இருக்கும் ஆளையும் எளிதில் கொல்லக்கூடியது அதுதான். அதன் ஒயர் கழுவிய தரையில் நனைந்து கிடந்தது, பிளக்கில் எர்த் கால் உடைந்திருந்தது. நூறு ஆண்டு பழைய வண்டியின் ஆபத்தைத் தேடிப் போனவர்கள் நேற்று வாங்கிய பெட்டியைப் பார்க்கத் தவறியிருந்தோம். மின்கசிவு நேர்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் உயிர்காக்கும் மின்துண்டிப்பான் வழியாக மட்டுமே சார்ஜர் ஓட வேண்டும் என்று முதல் வேலையாக மாற்றினோம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே வெடிக்கும் வாயு அது. ஆகவே கிளிப்பைக் கழற்றும் முன் சுவரிலுள்ள சுவிட்ச் அணைய வேண்டும், காலடிப் பலகை திறந்திருக்க வேண்டும். இதற்குத் தனி அட்டை, சார்ஜரின் மேலேயே ஒட்டினோம்.

அட்டையில் இப்போது இருப்பது

கையால் கிளப்புவதற்கான பக்கம் மட்டும் இங்கே:

மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றி வையுங்கள்.

கை பிரேக்கைப் பின்னால் முழுக்க இழுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

சாவி நடுவில் நிற்கட்டும்.

சிவப்புக் குமிழை மேலே முட்டும்வரை தள்ளுங்கள். பாதியில் நின்றால் ஹேண்டில் திருப்பி அடித்துக் கையை முறிக்கும்.

ஹேண்டிலை உள்ளே அழுத்தி, கீழிருந்து மேலாக மெதுவாக இரண்டு முறை இழுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள்.

கை எடுத்த பிறகு சாவியைத் திருப்புங்கள். சிவப்புக் குமிழ் மேலே இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

இடது கையால் பிடியுங்கள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். திருப்பி அடித்தால் ஹேண்டில் விரல்களிலிருந்து நழுவிப் போகும்.

கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. கிளம்பாவிட்டால் சாவியை நடுவுக்குக் கொண்டுவந்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.

குமிழைப் பற்றி இரண்டு முறை வருவதை உரிமையாளர் தேவையற்ற நீளம் என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் முறை ஒருவர் தள்ளுவார், இடையில் வேறொருவர் இருக்கையில் ஏறி இறங்குவார், முழங்கால் பட்டு நெம்புகோல் இறங்கிவிடும். ஒத்திகையில் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு முறை ஆயிற்று. ‘முட்டும்வரை’ என்ற சொல்லையும் அவர்தான் கொடுத்தார். நான் ‘முழுமையாக’ என்று எழுதியிருந்தேன். முழுமை என்பது கண்ணுக்கு, முட்டுவது கைக்குத் தெரியும் என்றார்.

‘காரணம்’ வரும் இடங்களில் எழுத்தைச் சிறியதாக வைத்தேன், எடுக்கவில்லை. ‘திருப்பி அடித்துக் கையை முறிக்கும்’ என்ற வரியைப் பார்வையாளர் கண்ணில் படும் என்று எடுக்கச் சொன்னார்கள். கட்டு பிரித்த கையோடு டிரைவர் அங்கேயே நின்றிருந்தார். அந்த வரி அவருக்காகவே இருக்க வேண்டும் என்று சொன்னேன், பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை.

அட்டையை ஒரு முறை திருத்தியாயிற்று. பழுது பார்க்கும் பக்கத்தில் ‘எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று பார்க்க, காயிலின் அதிரும் தகட்டை உலர்ந்த மரக்குச்சியால் அழுத்துங்கள்’ என்று எழுதியிருந்தேன். அந்தக் காலத்தில் விரலாலேயே அழுத்துவார்கள், பெரியவர் இன்றும் அப்படித்தான் செய்கிறார். அவரைப் பார்த்து உதவியாளும் விரலை நீட்டியதைப் பார்த்த பிறகு, வரியைத் திருத்துவதில் பயனில்லை என்று புரிந்தது. வேப்பங்குச்சி ஒன்றைச் சீவி, நூலில் கட்டி, காயில் பெட்டியின் மூடிக்குள் தொங்கவிட்டேன். அடுத்த முறை பெட்டியைத் திறந்தபோது பெரியவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதனாலேயே அழுத்தினார்.